தார்ச்சாலைக்குக் கீழே பழைய நகரம்: புவி இயற்பியல் ஆய்வு காட்டுவதும் காட்டாததும்

2011 ஆகஸ்டில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் சில வாகன நிறுத்துமிடங்களின் மேல் தரை ஊடுருவும் ரேடார் கருவி ஓட்டப்பட்டது. மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் புதைக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பிரான்சிஸ்கன் மடத்தின் இருப்பிடத்தைக் கண்டறிவதே நோக்கம். தரைக்குச் சற்றுக் கீழேயே கிடந்த இடிபாட்டு அடுக்கின் காரணமாகக் கட்டடச் சுவர் எதையும் தெளிவாக அடையாளம் காண முடியவில்லை. அந்த ஆய்வில் ஐயமில்லாமல் தெரிந்தவை தற்காலக் குழாய்களும் மின்வடங்களுமே. ஓராண்டு கழித்து, 2012 ஆகஸ்ட் 25 அன்று அங்கே முதல் அகழாய்வுக் குழி வெட்டத் தொடங்கிய நாளிலேயே, சுமார் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் மனித எலும்புகள் தென்பட்டன. அவை மன்னருடையவைதான் என்று 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

இதை ரேடாரின் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. குழாயும் மின்வடமும் எங்கே போகின்றன என்பதை முன்கூட்டியே அறிவது குழி வெட்டுபவர்களுக்குச் சிறிய உதவியன்று. ஆயினும், புதையுண்ட நகரத்தை மேலிருந்தபடியே படம்பிடித்துவிடும் கருவி என்று செய்திகள் வளர்த்துவிட்டிருக்கும் எதிர்பார்ப்புக்கும், மக்கள் வாழும் நகரத்தின் நடுவில் அதே கருவி உண்மையில் தருவதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை லெஸ்டர் நன்றாகவே காட்டிவிடுகிறது.

அந்த எதிர்பார்ப்பு காரணமில்லாமல் வளர்ந்ததன்று. ரோமுக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபலேரி நோவி என்ற பண்டைய ரோமானிய நகரத்தின் மதில்களுக்குள் அடங்கிய 30.5 ஹெக்டேர் நிலம் முழுவதையும், கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சிறு வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்த ரேடார் கருவியால் 12.5 சென்டிமீட்டருக்கு ஓர் அளவீடு வீதம் பதிவுசெய்து, 2020-இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஒரு மண்வெட்டியும் படாமல் கோயில், சந்தை, குளியல் வளாகம், கட்டடங்களுக்கு அடியில் ஓடிய நீர்க்குழாய் வலை எல்லாம் வரைபடமாக வந்தன. ஆனால் அந்த நகரம் கி.பி. 700 வாக்கில் கைவிடப்பட்டது. அதன் மேல் இன்னொரு நகரம் எழவில்லை. அங்கே கருவிக்கும் ரோமானியச் சுவருக்கும் இடையில் பெரும்பாலும் மண் மட்டுமே இருந்தது.

தொடர்ந்து மக்கள் வாழ்ந்துவந்த நகரத்தில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் இடிபாட்டைச் சமன்செய்து அதன் மேலேயே கட்டியிருக்கிறது. தரைமட்டம் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு உயர்ந்திருக்கிறது. லண்டனில் 1954-இல் கண்டெடுக்கப்பட்ட, ரோமானியர் காலத்து மித்ராஸ் கோயில் இன்றைய தெருமட்டத்துக்கு ஏறத்தாழ ஏழு மீட்டர் கீழே இருந்தது. அந்த ஏழு மீட்டருக்குள் பிந்தைய காலச் சுவர்கள், கிணறுகள், கழிவுக்குழிகள், தீவிபத்துச் சாம்பல், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல் சாக்கடைகள், இருபதாம் நூற்றாண்டுக் கான்கிரீட் என எத்தனையோ ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கலாம். ஆகவே நகரத்தில் செய்யப்படும் புவி இயற்பியல் ஆய்வின், அதாவது தோண்டாமலே நிலத்தின் இயற்பியல் பண்புகளைக் கருவிகளால் அளக்கும் ஆய்வின், முதன்மையான வேலை, பழையதைக் கண்டுபிடிப்பது என்பதைவிட, புதியது எது என்று இனம்கண்டு விலக்குவதுதான். இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் ஆய்வு முடிவுகளைப் படிப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றமடைகிறார்கள்.

நகரங்களில் அதிகம் பயன்படுவது தரை ஊடுருவும் ரேடார்தான். குறுகிய மின்காந்தத் துடிப்பு ஒன்றை ஆண்டெனா தரைக்குள் அனுப்புகிறது. மின் பண்புகள் மாறும் எல்லையில், அதாவது மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்திலோ மண்ணும் வெற்றிடமும் சந்திக்கும் இடத்திலோ, அதன் ஒரு பகுதி எதிரொளிக்கப்பட்டுத் திரும்புகிறது. திரும்பிவர எடுத்துக்கொள்ளும் நேரம் நானோ வினாடிகளில் அளக்கப்படுகிறது. காற்றில் நானோ வினாடிக்கு 30 சென்டிமீட்டர் செல்லும் அலை, வழக்கமான மண்ணில் சுமார் 10 சென்டிமீட்டரே செல்லும். ஈரம் கூடக்கூட வேகம் இன்னும் குறையும். 400 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவின் அலைநீளம் அத்தகைய மண்ணில் 25 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்பதால், ஒரு செங்கற்சுவரின் இரு பக்கங்களையும் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஆனால் சாதகமான மண்ணிலும் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்துக்குக் கீழே அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அதிர்வெண்ணைக் குறைத்தால் ஆழம் கூடும், நுணுக்கம் குறையும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை.

களத்தில் இந்த வேலை பார்ப்பதற்குச் சலிப்பூட்டுவது. சக்கரம் வைத்த பெட்டியொன்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் இணையான கோடுகளில் போய் வருகிறார். சக்கரம் தூரத்தை அளக்கிறது. கோடுகளுக்கு இடையே 25 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான இடைவெளி. நிறுத்தியிருக்கும் கார்கள், விளக்குக் கம்பங்கள், மரத்தொட்டிகள் ஆகியவற்றைச் சுற்றிப்போக வேண்டியிருப்பதால், முடிவில் கிடைக்கும் வரைபடத்தில் எப்போதும் ஓட்டைகள் இருக்கும். திரையில் முதலில் தென்படுவது கவிழ்த்துவைத்த கிண்ணம் போன்ற வளைவுகள். குழாயைக் குறுக்காகக் கடக்கும்போது, ஆண்டெனா அதை நெருங்குவதற்கு முன்பே அதன் எதிரொளிப்பு சற்றுத் தாமதமாக வந்துசேர்கிறது. நேர்மேலே வரும்போது தாமதம் மிகக் குறைவு. தாண்டியபின் மீண்டும் கூடுகிறது. அதனால்தான் அந்த வளைவு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வலை, இத்தகைய சின்னஞ்சிறு வளைவுகளை நெருக்கமாக, சீரான இடைவெளியில் வரிசையாகக் காட்டும். வலை அடர்த்தியாக இருந்தால் அதற்குக் கீழே உள்ள எதையும் நம்ப முடியாது. பழைய சுவரின் மேல்விளிம்பு தட்டையான துண்டாகத் தெரிந்து, இரு ஓரங்களிலும் வளைவு சரிந்து இறங்கும். இடிந்து விழுந்த செங்கல் குவியலோ எந்த ஒழுங்கும் இல்லாமல் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும்.

ஒரே கோட்டின் பதிவை வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை. நூற்றுக்கணக்கான கோடுகளைச் சேர்த்து, ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு கிடைமட்ட வெட்டுத்தோற்றம் தயாரிக்கப்படுகிறது. அரை மீட்டரில் தெருவோடு இணையாக ஓடும் நேர்கோடுகள் குழாய்கள். ஒரு மீட்டரில் சதுரமாக மூடிக்கிடப்பவை இடிக்கப்பட்ட கட்டடத்தின் நிலவறையாக இருக்கலாம். ஒன்றரை மீட்டரில் தெருவுக்குச் சாய்வாக, இன்றைய மனையெல்லையைச் சட்டை செய்யாமல் செல்லும் ஒரு கோடு தெரிந்தால்தான் தொல்லியலாளர் நிமிர்ந்து உட்காருகிறார். திசை இங்கே நல்ல தடயம். ஆனால் முழுமையான தடயம் அன்று; பல நகரங்களில் இன்றைய தெருக்களே பழைய தெருக்களின் தடத்தில் ஓடுவதால், பழைய சுவரும் புதிய குழாயும் ஒரே திசையில் அமைந்துவிடுவதுண்டு. அப்போது எது எதை வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் ஒரு கோட்டை இரண்டாகத் துண்டித்திருந்தால், அந்தக் கோடு குழாய்க்கு முந்தையது. பழைய நகர வரைபடங்கள், சாக்கடைத் திட்ட ஆவணங்கள், குண்டுவீச்சிலோ தீயிலோ அழிந்த கட்டடங்களின் பதிவுகள் ஆகியவற்றை மேசையில் விரித்துவைத்துக்கொள்ளாமல் செய்யும் ரேடார் விளக்கத்துக்கு என்னளவில் அதிக மதிப்பில்லை.

ஆழக் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. கருவி அளப்பது நேரத்தைத்தான். ஆழம், வேகத்தை அனுமானித்துக் கணக்கிடப்படுவது. அலை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், ஆழம் அது கடந்த தூரத்தில் பாதி. 40 நானோ வினாடியில் திரும்பிய எதிரொளிப்பு, அலை வேகம் நானோ வினாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. ஈரமண்ணில் வேகம் 7 சென்டிமீட்டர் என்றால் 1.4 மீட்டரிலிருந்து வந்தது. புதிய கட்டடத்தின் அடித்தளம் 1.6 மீட்டர் ஆழம் போகப்போகிறதென்றால், பழைய தரை தப்புமா சிதையுமா என்பது இந்த 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. மேலே சொன்ன வளைவுகளின் வடிவத்திலிருந்தே வேகத்தைக் கணக்கிட முடியும் என்றாலும், நகரத்து மண் சில மீட்டருக்குள்ளேயே மாறிவிடுவதால், ஆழம் தெரிந்த ஒரு பொருளையோ துளையிட்டு எடுத்த மண் மாதிரியையோ கொண்டு சரிபார்ப்பதே பாதுகாப்பு.

ரேடார் நன்றாகக் காண்பவை கல், செங்கல், கெட்டித்த தரை, வெற்றிடம். மரத்தாலும் மண்ணாலும் கட்டிய வீடுகள், எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடிய புதைகுழிகள், கூரை வேய்ந்த பட்டறைகள் ஆகியவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து மின் பண்பில் அதிகம் வேறுபடுவதில்லை என்பதால் அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் படுவதில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில், பத்தாம் நூற்றாண்டு வைகிங் காலத்து மரவீடுகளும் தோல், துணி முதலான பொருள்களும் வியக்கத்தக்க நிலையில் கிடைத்தன. காற்றுப் புகாத நீர் ஊறிய மண்தான் அவற்றைக் காப்பாற்றியது. களிமண்ணும் ஈரமும் சேர்ந்து மின்கடத்தலைக் கூட்டும்போது ரேடார் அலையை விரைவில் விழுங்கிவிடுவதும் அத்தகைய மண்தான். எளிய மக்களின் பொருள்கள் மிகச் சிறப்பாகப் பிழைத்திருக்கும் நிலமே கருவிக்கு மிகவும் இருண்ட நிலமாக அமைந்துவிடுகிறது. எனவே ரேடார் வரைபடத்தை மட்டும் நம்பி ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதினால், அது கல்லில் கட்ட வசதி படைத்தவர்களின் வரலாறாகவே முடியும். இந்தச் சாய்வைப் பற்றி ஆய்வு அறிக்கைகள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து.

ரேடார் நின்றுவிடும் இடத்தில் மின்தடை அளவீடு கைகொடுக்கலாம். தொல்லியலில் இதன் வரலாறு பழையது. தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் 1946-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் இதைப் பயன்படுத்தினார். தரையில் ஊன்றிய இரண்டு மின்முனைகள் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறிரண்டு முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தால், இடையிலுள்ள நிலத்தின் மின்தடை எண்ணைக் கணிக்கலாம். கல் கூடுதலாகத் தடுக்கும். ஈரம் தங்கும் பழைய அகழி எளிதில் விடும். வயலில் இரும்பு முனையைக் குத்தினால் போதும். தார்ச்சாலையிலோ கல்பாவிய முற்றத்திலோ அது நடக்காது; சிறு துளை போட அனுமதி வேண்டும், அல்லது தட்டையான உலோகத் தகடுகளைக் கடத்தும் பசையோ ஈரக் களிமண்ணோ பூசித் தரைமேல் வைக்க வேண்டும். தரையைத் தொடாமலே மின்தேக்க முறையில் மின்னோட்டத்தைச் செலுத்தி இழுத்துச் செல்லும் கருவிகளும் உண்டு. காண முடிகிற ஆழம், முனைவரிசையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பதால், ஆறு மீட்டர் ஆழம் பார்க்க முப்பது மீட்டர் நேர்கோடு தேவை. நெருக்கமான பழைய நகர்ப்பகுதியில் அவ்வளவு இடம் பல நேரங்களில் கிடைப்பதே இல்லை.

இதற்கு ஒரு மாற்று, கட்டடத்தைச் சுற்றிலும் முனைகளை வைத்து அதன் அடிநிலத்தை முப்பரிமாணத்தில் கணிப்பது. மெக்சிகோவில் சிச்சென் இட்சாவின் குக்குல்கான் பிரமிடின் அடியைச் சுற்றி இவ்வாறு அளந்த ஆய்வாளர்கள், கீழே நீர் நிறைந்த பெருங்குழி இருப்பதற்கான அறிகுறியை 2015-இலும், பிரமிடுக்குள் முன்பே தெரிந்திருந்த கட்டுமானத்துக்கும் உள்ளே மேலும் பழையதொன்று இருப்பதற்கான அறிகுறியை 2016-இலும் அறிவித்தனர். தேவாலயம், மசூதி, கோயில் போன்று உள்ளே தோண்டவே முடியாத கட்டடங்களுக்கு இந்த முறை பொருந்துவதைப் புரிந்துகொள்ளலாம்.

நிலத்தின் காந்தப்புலத்தில் உள்ள சிறு மாறுபாடுகளை அளக்கும் காந்தமானியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மார்ட்டின் எய்ட்கன் 1958-இல் சூளைகளைத் தேடப் பயன்படுத்திய காலத்திலிருந்து வயல்வெளித் தொல்லியலில் மிக வேகமான கருவி இதுவே. நெருப்பில் வெந்த களிமண் தனிக் காந்தத்தன்மை பெறுவதால் சூளையும் அடுப்பும் துலங்கித் தெரியும். ஆனால் பழைய அகழியோ குழியோ உண்டாக்கும் மாறுபாடு பெரும்பாலும் சில நானோ டெஸ்லாவே. நின்றிருக்கும் ஒரு காரும் இரும்புவேலியும் அதைவிடப் பலமடங்கு குழப்பத்தை உண்டாக்கும். பெரிய பூங்காக்கள் தவிர, நகரத்தில் இதற்கு வேலை குறைவு.

நில அதிர்வு அலைகளின் கதை வேறு. மற்றக் கருவிகளுக்கு இடைஞ்சலான போக்குவரத்து இரைச்சலே இங்கே அளவீட்டுக்கு மூலப்பொருள். பேருந்தும் ரயிலும் நிலத்தில் எழுப்பும் சிறு அதிர்வுகளை உணரிகளால் பதிவுசெய்து, கிடைமட்ட அதிர்வுக்கும் செங்குத்து அதிர்வுக்கும் உள்ள விகிதம் எந்த அதிர்வெண்ணில் உச்சமடைகிறது என்று பார்க்கிறார்கள். தளர்ந்த மண்ணடுக்கு கெட்டியான நிலத்தின் மேல் அமர்ந்திருந்தால், குறுக்கலையின் வேகத்தை அடுக்கின் தடிமனைப் போல் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். வேகம் வினாடிக்கு 200 மீட்டர், அடுக்கு ஐந்து மீட்டர் என்றால் 10 ஹெர்ட்ஸ். இது சுவரைக் காட்டாது. மனிதர் குவித்த நிரப்பு மண் எவ்வளவு தடிமன், மனிதர் கை படாத கன்னி மண் எங்கே தொடங்குகிறது என்பதை நகரம் முழுவதற்கும் வரைய உதவும். கட்டுமானத் திட்டமிடுபவருக்கு ஒற்றைச் சுவரைவிட இந்தத் தகவல் பயனுள்ளதாக இருப்பதுண்டு.

வெற்றிடங்களைத் தேடுவதற்கு, புவியீர்ப்பின் மிகச் சிறிய மாறுபாட்டை அளக்கும் நுண் ஈர்ப்பளவீடு இருக்கிறது. மையம் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கும், இரண்டு மீட்டர் ஆரமுள்ள வெற்று அறையை எடுத்துக்கொண்டால், அதன் நேர்மேலே ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ ஐந்தரைக் கோடியில் ஒரு பங்கு குறையும். இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவிகள் உள்ளன. ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் நிறையும் அதன் நிலவறையின் வெறுமையும்கூட அதே அளவுக்கு முடிவைக் குலைக்கும் என்பதால், அவற்றையெல்லாம் கணித்துக் கழிக்க வேண்டும்.

இவற்றினும் புதியது மியூவான் முறை. விண்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான்கள் என்ற நுண்துகள்கள் பாறையையும் ஊடுருவி வருகின்றன. வழியில் வெற்றிடம் இருந்தால் அந்தத் திசையில் கூடுதலான மியூவான்கள் வந்துசேரும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரின் மக்கள் நெருக்கம் மிகுந்த சனிதா பகுதியில், தெருவுக்குச் சுமார் 18 மீட்டர் கீழேயுள்ள நிலவறையில் உணரித் தகடுகளை ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்து, சுமார் 10 மீட்டர் ஆழத்தில் இதுவரை அறியப்படாத ஒரு கிரேக்கக் காலக் கல்லறை அறை இருப்பதற்கான சான்றை ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டனர். மேலே வீடுகள் நிறைந்திருந்ததால் மற்ற முறைகளால் அங்கே எட்டியிருக்க முடியாது. ஆனால் இதன் வரம்பும் தெளிவு: மியூவான்கள் மேலிருந்து வருபவை, எனவே தேடும் பொருளுக்குக் கீழே கருவியை வைக்க ஏற்கெனவே ஓர் இடம் இருந்தாக வேண்டும்.

ஒரே இடத்தில் பல முறைகளைப் பயன்படுத்துவது இன்று வழக்கமாகி வருவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வேறொரு பண்பை அளப்பதால், இரண்டு முறைகள் ஒரே இடத்தைச் சுட்டும்போது நம்பிக்கை கூடுகிறது என்பதே. ஒரே முறையே வெவ்வேறு கைகளில் வெவ்வேறு முடிவு தரக்கூடும் என்பதற்கு எகிப்தில் தூத்தன்காமனின் கல்லறை சாட்சி. அதன் சுவர்களுக்குப் பின்னே மறைவறைகள் இருப்பதாக 2015-இல் நடந்த ரேடார் ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு நடந்த ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. இத்தாலியின் தூரின் நகரப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் தலைமையேற்ற மூன்றாவது ஆய்வு, அப்படி எந்த அறையும் இல்லை என்று 2018-இல் முடிவுகட்டியது. குழாயும் கார்களும் இல்லாத கல்லறைச் சுவரிலேயே இந்த நிலை என்றால், தெருச்சந்திப்பில் எடுத்த பதிவை எவ்வளவு எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மால்டாவின் வால்லெட்டாவில் 1992-இல் கையெழுத்தான, தொல்லியல் மரபைப் பாதுகாப்பதற்கான ஐரோப்பிய உடன்படிக்கை, இயன்ற இடங்களிலெல்லாம் அழிக்காத ஆய்வு முறைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. அதன் பின் இந்த ஆய்வுகள் கட்டுமான அனுமதி நடைமுறைகளோடு மேலும் நெருங்கிவிட்டன. நெருங்கியதில் ஒரு சிக்கலும் வந்தது. காலமும் பணமும் கண்முன் நிற்கும் கட்டுமான நிறுவனத்துக்கு வேண்டியது ‘ஒன்றும் இல்லை’ என்ற ஒற்றை வரி. ஆனால் ரேடார் அறிக்கையால் நேர்மையாகச் சொல்ல முடிவது, ‘இந்த ஆழம்வரை, இந்த அளவைவிடப் பெரிதான, சுற்றுமண்ணிலிருந்து இவ்வளவு மாறுபட்ட எதுவும் பதிவாகவில்லை’ என்பது மட்டுமே. அலை எந்த ஆழத்தில் தீர்ந்துபோனது என்பதை வரைபடத்திலேயே குறிப்பிடாத அறிக்கையை ஏற்கவே கூடாது என்பேன். கிரேக்கத்தின் தெசலோனிகி மெட்ரோ ரயில் பணி 2006-இல் தொடங்கியது. ரயில் ஓடியது 2024 நவம்பரில். நிதி, ஒப்பந்தச் சிக்கல்களோடு, வெனிசெலு நிலையத்தில் வெளிப்பட்ட பண்டைய நகரின் நடுச்சாலையை எப்படிக் காப்பது என்ற நீண்ட வழக்காடலும் அந்தத் தாமதத்தில் சேர்ந்தது. அத்தகைய திட்டங்களில் ஆய்வு செய்ய உகந்த காலம், சுரங்கத்தின் தடமும் நிலையங்களின் இடமும் இன்னும் காகிதத்தில் மாற்றக்கூடியவையாக இருக்கும் காலம்தான். வரைபடம் இறுதியான பிறகு செய்யும் ஆய்வு பெரும்பாலும் கோப்பை நிரப்பவே உதவும்.

ஆய்வுக்குப் பின் சோதனைக் குழி வெட்டப்படும்போது இடக்குறிப்பின் துல்லியமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் இருப்பிடம் தடுமாறும். அதனால் கோணமும் தூரமும் அளக்கும் நில அளவைக் கருவியைத் தனியாக நிறுத்தி ரேடாரின் பாதையைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அரை மீட்டர் அகலச் சுவரைத் தேடி வெட்டும் குழி அரை மீட்டர் தள்ளி விழுந்தால், ஆய்வு பொய் என்ற பெயர்தான் மிஞ்சும். சோதனைக் குழியில் கண்டதை ரேடார் பதிவோடு ஒப்பிட்டு, அலை வேகத்தைத் திருத்தி, மொத்த வரைபடத்தையும் மீண்டும் கணிக்கும் கட்டம் பல திட்டங்களில் செலவைக் காட்டித் தவிர்க்கப்படுகிறது. குறைந்தபட்சம், மூலப்பதிவுகளை இடக்குறிப்புகளோடு நகராட்சியிலோ தொல்லியல் துறையிலோ ஒப்படைக்கும் நிபந்தனையையாவது ஒப்பந்தத்தில் எழுதிவைக்கலாம். அப்படிச் செய்தால், சில ஆண்டுகள் கழித்து அதே தெருவில் குடிநீர்க் குழாய் மாற்றத் தோண்டும் பள்ளம், கூடுதல் செலவில்லாமலே அந்தப் பழைய பதிவுகளைச் சரிபார்க்கும் வாய்ப்பாகிவிடும்.